பெருக்கிய தரையில் ஒரு காலடி

1

எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பது எனக்கே சந்தேகம். எகிப்தில், லக்சருக்கு எதிரே நைல் நதியின் மேற்குக் கரையில், மலையைக் குடைந்த ஒரு கல்லறைக்குள் ஐந்து காலடிகளைப் பார்த்தேன். நான் எடுத்த படத்தில் ஒன்றுதான் இருக்கிறது. மற்ற நான்கும் என்னைத் தூங்கவிடாததால் இந்தக் கதை.

2

தொடக்கத்தைப் பலமுறை எழுதினேன். ‘மூவாயிரம் ஆண்டு இருளை ஒரு விளக்கு...’ வேண்டாம். அப்போது நான் இருளைப் பார்க்கவில்லை, லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

காலை எட்டு மணி. வாசலை அடைத்திருந்த கற்களை அப்போதுதான் எடுத்து முடித்திருந்தார்கள். முதலில் உள்ளே போகவேண்டியவர் எங்கள் அகழாய்வின் தலைமை மேஸ்திரி, கிஃப்த் ஊர்க்காரரான ரயிஸ் ஃபர்காலி. அவர் அப்பாவும் தாத்தாவும் இதே மலையில் தோண்டியவர்கள்.

“தொடச்சது போதும் வஹீப். கல்யாணத்தன்னிக்கு ஒன் மூஞ்சியக்கூட இவ்வளவு தொடச்சிருக்க மாட்டே.”

“தொடச்சேன் ரயிஸ். அப்படியும் பொண்ணு அழுதுச்சு.”

கல் சுமந்தவர்கள் சிரித்தார்கள். அவர் விளக்கோடும் துடைப்பத்தோடும் சுவரோரமாக உள்ளே நுழைந்தார்.

3

(இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் வேலையில், படத்துக்கு முன் தரையைப் பெருக்குவோம். நான் “படம்!” என்று கூவியதும், ரயிஸ் ஈச்சந்துடைப்பத்தால் பின்னோக்கி நடந்தபடி பெருக்கிக்கொண்டே வெளியே வருவார். எங்கள் கால்தடம் படத்தில் விழக் கூடாது. முப்பது வருடப் பழக்கம். அந்தக் குரல் கேட்டால் அவர் கை அவரைக் கேட்காது.)

4

ரயிஸ் விளக்கைத் தரையில் வைத்துவிட்டு, விரிசல் தேடிக் கூரையை அண்ணாந்து பார்த்தார். நான் வாசலில் குனிந்தேன். தரையோடு படுத்திருந்த வெளிச்சத்தில், மெல்லிய தூசியில், வெறுங்கால் தடங்கள். ஐந்து. விரல்கள் உள்ளே பார்த்திருந்தன. யாரோ பின்னோக்கி நடந்து வெளியேறியிருக்கிறார். கடைசிக் காலடியில் சுண்டுவிரல் சற்று விலகியிருந்தது. அவர் நேற்றுத்தான் போனதுபோல...

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை.

நான் கூவினேன்: “படம்!”

யாரும் அசையாதீர்கள் என்றுதான் சொல்ல நினைத்தேன். துடைப்பம் நான்கு முறை வீசியது.

“நில்லுங்க ரயிஸ்!”

அவர் நின்றார். கீழே பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

5

எங்கள் அகழாய்வை நடத்திய டாக்டர் ஷாஹிந்தா ஓடிவந்து மண்டியிட்டார். மூச்சுக்காற்று தடத்தில் படாதபடி வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஒண்ணுதானா?” என்றார்.

நான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

“இன்னும் இருந்துச்சு டாக்டர். நான் பெருக்கிட்டேன்” என்றார் ரயிஸ்.

“யாரு சொல்லிப் பெருக்குனீங்க?”

“யாரும் சொல்லல. கை பழக்கம்.”

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு விளக்கை உயர்த்தினார். சுவரில் ஓர் ஓவியம்: துடைப்பத்தோடு ஒரு பூசாரி. இறந்தவரைத் தனியே விட்டு வெளியேறும்போது தன் தடத்தை அழித்துக்கொண்டே போவது அவர்கள் சடங்கு.

“பாரு, நம்ம ஆளு” என்றார் ரயிஸ். “வாசக்கிட்ட வந்ததும் மிச்சம் வச்சுட்டுப் போயிட்டான் சோம்பேறி. நான் வந்து முடிச்சிருக்கேன்.”

யாரும் சிரிக்கவில்லை.

6

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அங்கேயே உண்மையைச் சொல்கிறேன். இன்னொன்றில், காலடிகளைப் பார்க்கும் முன்பே பழக்கத்தில் கூவிவிடுகிறேன், அதனால் என் மேல் குற்றமில்லை. இரண்டாவதை எழுதி எழுதி, அதுதான் நடந்ததோ என்றுகூட இப்போது தோன்றுகிறது. முதலில் பார்த்தேனா, முதலில் கூவினேனா? வாசகரே, நீங்களே தீர்மானியுங்கள். எதைத் தேர்ந்தாலும் டாக்டர் கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை.

7

ரயிஸ் ஃபர்காலியின் பொறுப்பு அந்த வாரமே பறிபோனது. கிஃப்தில் மருமகனின் மரக்கடையில் இருக்கிறார். நான் போனால் டீ வரும், பேச்சு வராது. டாக்டர் ஷாஹிந்தா இப்போது சக்காராவில் தோண்டுகிறார். நான் இன்னும் படம் எடுக்கிறேன். கூவுவதில்லை, கையைத் தூக்குகிறேன். ஐந்தாவது காலடி, அதைக் காக்க அங்கேயே கவிழ்த்துவைத்த மரப்பெட்டிக்கு அடியில், பழைய இருட்டிலேயே இருக்கிறது. மற்ற நான்கும் இந்தப் பக்கங்களைத் தவிர வேறெங்கும் இல்லை.