மூன்றாம் பீரியடும் ஒன்று அறுபதும்

வியாழக்கிழமை காலை ஆறாம் வகுப்பு வாசலில் நின்றபடி கொக்கு வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறடிக்குச் சற்றே குறைந்த உயரத்தையும் நீளமான கால்களையும் பார்த்து கல்லூரி அணியில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் அது. உயரம் தாண்டுவதில் கல்லூரியில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆசிரியர் பயிற்சியில் கடைசி வருடம். இந்தப் பள்ளியில் நாற்பது நாள் பாடம் எடுத்தாக வேண்டும். விடிந்ததும் மைதானம், எட்டரைக்குப் பள்ளி, சாயங்காலம் மறுபடி மைதானம். பாடக்குறிப்பு எழுதுவதெல்லாம் பேருந்தில்தான். எழுத்து குலுங்கியிருப்பதை வைத்தே எங்கெங்கே பள்ளம் என்று சொல்லிவிடலாம் என்று தங்கை கேலி செய்வாள்.

அன்று முதல் பீரியடில் அவள் பாடம் எடுப்பதைப் பார்த்து மதிப்பெண் போடக் கல்லூரி விரிவுரையாளர் வர வேண்டும். பதினொரு மணிக்குப் பல்கலைக்கழக அணிக்கான தேர்வு. இடையில் போதுமான நேரம் இருந்தது.

விரிவுரையாளர் வரவில்லை. போன்தான் வந்தது.

"ஒரு மீட்டிங் இழுத்துக்கிட்டே போகுதும்மா. மூணாவது பீரியட் வந்துடறேன்."

"மேடம், பதினோரு மணிக்கு எனக்கு செலக்ஷன். நேத்தே சொன்னேனே."

"நீ டீச்சராகப் போறியா, இல்ல தாண்டிக்கிட்டே இருக்கப் போறியா?"

கோச்சுக்குப் போன் போட்டாள். "அதெல்லாம் அவங்ககிட்ட பேசிக்கோ. பத்தரைக்கு நீ இங்க இருக்கணும்" என்று வைத்துவிட்டார். கல்லூரியில் அந்த இருவரின் அறைகளுக்கும் நடுவே ஒரு மாடிப்படிதான். ஒருவர் பத்துப் படி ஏறினால் தீர்கிற விஷயத்துக்கு இவள் இரண்டு வருடமாக நடையாய் நடக்கிறாள்.

மூன்றாம் பீரியட் தொடங்கும்போது மணி பத்து இருபது. விரிவுரையாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். பின்னங்கள் பாடம். கொக்கு கடகடவென்று ஓட்டினாள். இரண்டாவது வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள்.

"மிஸ், மூணைவிட நாலுதானே பெருசு? அப்ப நாலுல ஒண்ணு மட்டும் ஏன் மிஸ் சின்னது?"

"எத்தனை தடவை சொல்றது? உக்காரு!"

சிறுமி முகம் சுண்டி உட்கார்ந்தாள். அன்றைய வகுப்பில் யாரும் கேட்காத நல்ல கேள்வி அது என்று கொக்குவுக்குத் தெரியும். பின்னால் பேனா ஓடும் சத்தமும் கேட்டது.

மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றே முக்கால். கம்பி ஒன்று அறுபது மீட்டரில் இருந்தது. பயிற்சியில் அவள் சிரித்துக்கொண்டே தாண்டுகிற உயரம். நடுவர் பெரிய மனது பண்ணி அனுமதித்தார். உடம்பைச் சூடாக்கக்கூட நேரமில்லை. மூன்று முறை ஓடினாள். மூன்று முறையும் கம்பி அவளோடு சேர்ந்து மெத்தையில் விழுந்தது.

"வார்ம்-அப் இல்லாம யாரு உன்னைக் குதிக்கச் சொன்னது?" என்றார் கோச்.

அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பையைத் தூக்கினாள்.

மறுநாள் பள்ளியில் மதிப்பீட்டுத் தாள் காத்திருந்தது. 'பொறுமை போதாது. பாடம் மீண்டும் எடுக்கப்பட வேண்டும்.' மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, இடைவேளையில் அந்தச் சிறுமியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"நேத்து உன்மேல கத்தியிருக்கக் கூடாது. தப்பு என்மேலதான்."

ஒரே அளவில் இரண்டு காகிதத் துண்டுகளை எடுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றதை நாலாகவும் மடித்து அவள் கையில் கொடுத்தாள். சிறுமி பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஓ! நிறையப் பேருக்குப் பங்கு போட்டா துண்டு சின்னதாயிடும். இவ்ளோதானா மிஸ்?"

"இவ்ளோதான்."

நாலு மணிக்குக் கல்லூரிக்குப் போனதும் நேராகக் கோச்சின் அறை. "ரெண்டு நிமிஷம் வாங்க சார்" என்று படியேற்றி விரிவுரையாளரின் அறைக்குக் கூட்டிப் போனாள். பள்ளி அட்டவணையையும் பயிற்சி அட்டவணையையும் மேஜையில் விரித்தாள்.

"நடுவுல மாட்டிக்கிட்டு நான் முழிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. நான் வெளியில நிக்கறேன்."

கதவுக்கு வெளியே காத்திருந்தாள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூரை எப்போது போடுவார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. தட்டாமலே கதவைத் திறந்தாள்.

"கூரையை அப்புறம் போடலாம் சார். முதல்ல என் நாளைச் சொல்லுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விரிவுரையாளர்தான் முதலில் பேனாவை எடுத்தார். செவ்வாய்க்கிழமை முதல் பீரியடில் மறு பாடம், தவறாமல் வருவதாகச் சொன்னார். இனி போட்டித் தேதிகளை அவருக்கு நேரடியாக அனுப்புவதாகக் கோச் ஒப்புக்கொண்டார். அணிப் பட்டியல் மட்டும் போனது போனதுதான். இந்த வருடம் அதில் அவள் பெயர் இல்லை.

"சரி, அஞ்சு மணிக்கு கிரவுண்டுக்கு வந்துடு" என்றார் கோச், எதுவுமே நடக்காதது போல.

"இன்னைக்கு வரல சார்."

வீட்டுக்குப் போய், ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தாள். தங்கை சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.