முதலாளி ஒட்டவைத்த தகடு

அன்று பட்டறையில் இருந்தவர்கள் முதலாளி, அவருடைய ஒரே மகள், வெல்டர், கிரேன் வாங்க வந்த கம்பெனியின் பொறியாளர். தாங்களும் இருந்ததாகச் சொல்லித் திரிபவர்கள் புளுகுகிறார்கள்.

முதலாளி கட்டிய கிரேன் எதுவும் இதுவரை தலைகுனிந்ததில்லை. எப்படிக் குனியும்? ஊரையே கட்டித் தூக்கலாம் என்கிற அளவுக்கு இரும்பைத் திணித்திருப்பார். மகளோ இந்தத் தடவை கம்ப்யூட்டருக்குள்ளேயே கிரேனைக் கட்டி, அதில் பாரத்தைத் தொங்கவிட்டு, எங்கே வலிக்கிறது, எங்கே வெறும் கொழுப்பு என்று பார்த்து, பாரம் தாங்கும் உத்தரத்தில் கால்வாசி இரும்பைக் குறைத்துவிட்டாள்.

"குடும்பப் பேரையே பட்டினி போட்டுட்டா" என்று முதலாளி பொருமினார்.

பொறியாளரின் நிபந்தனை ஒன்றுதான். பாரம் ஏறும்போது உத்தரம் கம்ப்யூட்டர் சொன்ன அளவே வளைய வேண்டும். தப்பினால் ஆர்டர் கிடையாது.

பாரம் ஏறியது. கம்ப்யூட்டர் சொன்னது இருபது மில்லிமீட்டர். வளைந்தது பதினாறு.

முதலாளிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பார்த்தீங்களா, எங்க வீட்டு இரும்பை!"

"குறைஞ்சாலும் தப்பு தப்புதான் ஐயா. உங்க பொண்ணு கணக்கை எப்படி நம்புறது?" என்று பொறியாளர் பையை எடுத்தார்.

மகளின் முகம் செத்துவிட்டது. வெல்டர் கூரையைப் பார்த்தார். கூரையில் பார்க்க ஒன்றும் இல்லை.

முதலாளிக்கு வேர்த்தது. முந்தாநாள் மகள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, உத்தரத்தின் அடியில் நட்டநடுவே கனத்த தகடு ஒன்றை வெல்டரை விட்டு ஒட்டவைத்து, பெயிண்டும் அடித்திருந்தார். சொன்னால் தன் மானம் போகும். சொல்லாவிட்டால் மகளுடையது போகும்.

"அடியில ஒரு தகடு இருக்கு" என்றார் விறைப்பாக. "நான் வச்சது."

"அப்பா!"

"ஒரு பாதுகாப்புக்குத்தாம்மா."

"யார்கிட்டேர்ந்து? என்கிட்டேர்ந்தா?"

மகள் அந்தத் தகட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பிசகாமல் பதினாறு. பொறியாளர் பையைக் கீழே வைத்தார். ஆனால் திரையில் கிரேன் முழுக்கப் பச்சையாக இருக்க, தகடு முடிகிற இரண்டு முனைகள் மட்டும் சிவந்திருந்தன.

"தடிப்பு சட்டுனு முடியற எடத்துலதான் அழுத்தம் குவியும். நாளைக்கு விரிசல் விட்டா அங்கதான் விடும். மொத்த கிரேன்லயும் நோஞ்சான் எடம் உங்க தகடுதாம்ப்பா."

வெல்டருக்குச் சிரிப்பு வந்தது, இருமிச் சமாளித்தார்.

தகட்டைக் கிரைண்டரால் அரைத்து எடுத்த பிறகு உத்தரம் இருபது வளைந்தது. ஆர்டர் கிடைத்தது.

அன்று மகள் முதலாளியைப் பட்டறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டாள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. பொய். அரைத்து முடிக்கும்வரை அவர் நாற்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்து, தீப்பொறி சரியாகப் பறக்கவில்லை என்று வெல்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்.