அசர் வேளையில் திறந்த கதவு

ஆடி பிறந்தது. மேற்குமலை முகில் போர்த்துக்கொண்டது. கணவாய் வழியே இறங்கிய காற்று திராட்சைப் பந்தல்களை உலுக்கி, முல்லையாற்று நீரைச் சிலிர்க்கவைத்து, கம்பத்தின் கதவுகள்தோறும் மோதித் திரும்பியது. சாரல் மட்டும் இறையருள்போலக் கேளாமலே பொழிந்தது.

ரஃபியா நீலச் சீருடையில், தோளில் பையோடு நின்றாள். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் தானே விரும்பிச் சேர்ந்தவள். பறக்கும் பயிற்சி முகாமுக்கு அவள் கல்லூரியிலிருந்து தேர்வானவள் அவளொருத்தியே. படிப்பு முடியும் ஆண்டு. இம்முறை தவறினால் மறுமுறை இல்லை. தெருமுனையில் வேன் வந்துவிட்டது. வாசற்கதவைச் சாத்தி, அதன்முன் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார் அவள் தந்தையின் அண்ணன், பெரியத்தா முஜிபுர் ரஹ்மான். அவருடைய திராட்சை மண்டியில்தான் அவளுடைய அத்தா அப்துல் ஜலீலுக்கு வேலை. அண்ணன் சொல்லை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

“சம்பளம் குடுக்குறாகளா?”

“இல்ல பெரியத்தா. நானாத்தான் சேந்தேன்.”

“அப்ப ஆம்பளைக கூட ஆகாசத்துல பறக்கணும்னு என்ன தலையெழுத்து?”

“ப்ளேன்ல ரெண்டே சீட்டு. ஒண்ணுல நானு, இன்னொண்ணுல சொல்லிக்குடுக்குறவுக.”

“கேட்டியாலே ஜலீலு! தனியாவாம்!”

“அவுகளும் பொம்பளதான், பெரியத்தா.”

அடுக்களையில் அவளுடைய அம்மா சாபிரா முந்தானையால் சிரிப்பைப் பொத்தினாள். பெரியத்தாவின் முகம் சிவந்தது.

“நான் எந்திரிச்சாத்தான நீ போவ?”

“நீங்க எந்திரிக்கிற வரைக்கும் நானும் உக்கார மாட்டேன். கொல்லை வழியா ஒளிஞ்சு போகவும் மாட்டேன்.”

குதிகால்களை ஒட்டி, பார்வையை நேரே நிறுத்தி, அணிவகுப்பில் நிற்பவள்போல் அசையாது நின்றாள். வேன் ஒலியெழுப்பியது. சாபிரா குடையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறமாக ஓடினாள். “செத்த நில்லுங்க தம்பி!” என்ற அவள் குரல் தெருவில் கேட்டது.

அப்போது பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு அழைக்கும் அசர் பாங்கு எழுந்தது. பள்ளியில் கூடித் தொழும் ஜமாஅத் தொழுகையைத் தவறவிட்டறியாத பெரியத்தா திகைத்தார், மெல்ல எழுந்தார், தம் கையாலேயே நாற்காலியை நகர்த்திக் கதவைத் திறந்தார்.

“ஏலே, வா. வெளிய பூட்டிட்டுப் போவோம். தொழுதுட்டு வந்து பேசிக்கிருவோம்.”

“நீங்க போங்கண்ணே,” என்றார் அப்துல் ஜலீல். “நான் இன்னைக்கு இங்கனயே தொழுதுக்கிறேன்.”

“அப்ப நாளைக்கு மண்டிப் பக்கம் வராத.”

“சரிண்ணே.”

பெரியத்தாவின் செருப்பொலி சாரலில் தேய்ந்தது. அப்துல் ஜலீல் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்து தொழுகைப் பாயை விரித்தார். திறந்த கதவின் வழி வந்த காற்று பாயின் ஓரத்தைப் புரட்டியது. வேன் மீண்டும் ஒலித்தது; அவர் விரையவில்லை. நிறுத்தி நிதானமாய்த் தொழுது முடித்து, மகளை அருகழைத்து, குர்ஆன் ஆயத்து ஓதி அவள் நெற்றியில் ஊதினார்.

“அல்லாஹ் காவலா இருப்பான். போயிட்டு வா, ஆத்தா.”