எப்படி, எப்போது, எத்தனை தடவை

என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு ஆங்கில இலக்கணம் தண்ணீர் பட்ட பாடு. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை மேய்க்கிறவர், விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் என்னை மேய்ப்பார். நான் ஆஸ்பத்திரியில் தற்காலிக நர்ஸ். ஆங்கிலத் தேர்வில் தேறினால்தான் வேலை நிரந்தரம். வேறு வழியில்லாமல் அண்ணியிடம் தலையைக் கொடுத்தேன்.

முதல் நாளே வம்பு. கடினமாக உழைக்கிறேன் என்று எழுத நினைத்து ‘ஹார்ட்லி’ போட்டுவிட்டேன். வேலையே செய்வதில்லை என்கிற மாதிரி அர்த்தம் வருமாம். தன் தம்பியை, அதாவது என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி அண்ணி சிரித்தார். எனக்கு வந்ததே கோபம், இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவரே நோட்டோடு வந்து உட்கார்ந்தார். வினைச்சொல்லைப் பிடித்துவைத்துக் கேள்வி கேட்டால் கிடைக்கிற பதில்தான் வினையுரிச்சொல் என்றார். எப்படிச் செய்தாய், எப்போது, எங்கே, எத்தனை தடவை? வாலில் ‘லி’ இருந்தால்தான் என்றில்லை. ‘எகெய்ன்’, ‘ட்வைஸ்’, ‘ஆல்வேஸ்’ எல்லாம் அந்தக் குடும்பம்தானாம். என் பயிற்சி வாக்கியங்களில் பத்து இடத்தில் ‘கேர்ஃபுல்லி’ இருந்தது. பத்தையும் சிவப்பு மையால் அடித்தார்.

"கவனமா செஞ்சேன்னு நீயே சொல்லிக்கிட்டா அது தற்பெருமை. எப்போ செஞ்சே, எத்தனை தடவை செஞ்சேன்னு எழுது. அது சாட்சி."

அன்றிலிருந்து வார்டில் குறிப்பு எழுதும்போதும் கை அப்படியே பழகிவிட்டது. மற்றவர்கள் ஒரு வரியில் முடிப்பதை நான் அரைப் பக்கம் எழுதினேன். காவியம் முடிந்ததா என்று கூட வேலை செய்தவர்கள் கிண்டலடித்தார்கள்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் பிற்பகல், ஏழாம் கட்டில் பெரியவர் கீழே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நான் அடுத்த கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். கட்டிலின் பக்கக் கம்பியை நர்ஸ் ஏற்றவே இல்லை என்று அவர் மகன் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை விசாரணை. தவறு என் மேல் என்று முடிந்தால் தேர்வும் இல்லை, வேலையும் இல்லை. அன்று காலை பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. அண்ணி ஏதோ கேட்க வந்தார். எரிந்து விழுந்துவிட்டுக் கிளம்பினேன்.

மகன் என் எதிரே உட்கார்ந்திருந்தார். மேட்ரன் என் குறிப்பை எடுத்து, அவருக்குப் புரியும்படி தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இரண்டு மணிக்குக் கம்பி முழுவதுமாக ஏற்றப்பட்டது. இரண்டு இருபதுக்கு நோயாளி தானாகவே இறக்கினார். உடனே மறுபடியும் ஏற்றப்பட்டது. இறக்க வேண்டாம் என்று இருமுறை சொல்லப்பட்டது.

விழுந்த பிறகு உட்கார்ந்து எழுதியிருக்கலாமே என்றார் மகன். மேட்ரன் தாளை அவர் பக்கம் திருப்பினார்.

"உங்க அப்பா விழுந்தது இரண்டே முக்காலுக்கு. இரண்டரைக்கே டாக்டர் வந்து, இதைப் படிச்சிட்டு, கீழே நேரம் போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கார்."

மகன் குனிந்து அந்தக் கையெழுத்தையும் நேரத்தையும் படித்தார். வீட்டிலும் அப்பா யார் பேச்சையும் கேட்கிறவர் இல்லை என்று சொல்லிப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வேலைக்குப் போகும்படி மேட்ரன் சொன்னபோது என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஐந்து நிமிடம் வெளியே போய்வருகிறேன் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

வாசல் கேட்டுக்கு வெளியே அண்ணி நின்றுகொண்டிருந்தார். காலையில் என் பின்னாலேயே வந்திருக்கிறார். வீட்டில் போடும் ரப்பர் செருப்பைக்கூட மாற்றவில்லை.

"என்னாச்சு?"

"வேலை இருக்கு அண்ணி."

அப்படியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "அவ்வளவு எழுதச் சொன்னது நான். அதுல ஒரு வார்த்தை உனக்கு எதிரா திரும்பியிருந்தா, எந்த முகத்தோட உன்னைப் பார்ப்பேன்?" என்றவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

காலையில் அவரைக் கடித்துக் குதறியதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். போகிறவர் வருகிறவர் பார்க்கப் பார்க்க இரண்டு பேரும் அழுதோம். பிறகு அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, பசி உயிர் போகிறது என்றார். எனக்கும் அப்போதுதான் பசித்தது.