பூர்ணிமா பேரில் எழுதிய தகடு

மூலக்குளத்திலேயே ஒயர் இல்லாமல் போனுக்குச் சார்ஜ் ஏற்றும் தட்டை வாங்கிய முதல் ஆள் நாராயணசாமிதான். அப்படி அவரே சொல்லிக்கொண்டார், வேறு யார் சொல்வார்கள்? போனில் ஒயர் செருகும் ஓட்டையைப் பல்குச்சியால் நோண்டிக் கெடுத்த கதையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை பாரீசிலிருந்து வீடியோவில் பெண் பார்க்கிறார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பம். நேரம் தவறினால் அடுத்த பெண்ணைப் பார்க்கப் போய்விடுவார்களாம். மகள் பூர்ணிமாவோ, "எனக்கு இப்ப கல்யாணம் வேணாம்ப்பா, மேல படிக்கணும்" என்று ஒரு வாரமாக அழுகிறாள். எலெக்ட்ரிகல் முடித்த பெண். அதையெல்லாம் கேட்க அவருக்கு ஏது நேரம்? வில்லியனூர்ப் பக்கம் ஒரு சாமியாரிடம் போய், கல்யாணம் கூடிவர அவள் பேரில் செப்புத் தகட்டில் மந்திரம் எழுதி வாங்கிவந்தார்.

"பொண்ணு மனசு போல நடக்கும். காரியம் முடியற வரைக்கும் ஒங்க போன விட்டு இது பிரியக் கூடாது" என்றாராம் சாமியார். தகடு போனுக்கும் கவருக்கும் நடுவில் குடியேறியது.

ஞாயிறு காலை போனைத் தட்டின் மேல் பயபக்தியோடு வைத்தார். சிவப்பு விளக்கு மினுக்கியது.

"பாத்தியா, எப்படி ஏறுது!" என்றார் மனைவி நிர்மலாதேவியிடம்.

"அப்பா, அந்தத் தகட..." என்று ஆரம்பித்தாள் பூர்ணிமா.

"நல்ல காரியத்துல குறுக்க பேசாத. வாயத் தொறக்காம போய்ப் பொடவயக் கட்டு."

பூர்ணிமா மினுக்கும் சிவப்பு விளக்கைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். கல்யாணப் பேச்சு வந்ததிலிருந்து முதல் தடவையாக, சொன்ன பேச்சைக் கேட்டு உள்ளே போனாள்.

மாலையில் போனைத் தட்டிலிருந்து எடுக்கவும் அழைப்பு வந்தது. மாப்பிள்ளையின் அப்பா "போன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். நாராயணசாமி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். போன் அணைந்துவிட்டது.

"ஐயய்யோ! ஒன் போனக் குடுடி!"

"நம்பர் சொல்லுப்பா."

நம்பர் அணைந்த போனுக்குள் இருந்தது. தரகர் நம்பரும் அங்கேதான்.

பூர்ணிமா கவரைக் கழற்றினாள். தகடு தோசைக்கல்லாகச் சுட்டது. போனுக்குப் போகவேண்டிய கரண்டை அதுதான் பகல் முழுக்க வழிமறித்திருக்கிறது. வெறும் போனை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. போன் உயிர் பெற்றதும் பாரீசிலிருந்து செய்தி வந்தது. வேறு இடம் பார்த்துக்கொள்கிறார்களாம்.

நாராயணசாமி இடிந்துபோய் உட்கார்ந்தார். "அந்தச் சாமியார சும்மா வுட மாட்டேன். தகடாம் தகடு!"

"அவரத் திட்டாதப்பா." பூர்ணிமா தகட்டை முந்தானையால் துடைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். "எம்பேர்லதான எழுதுனாரு? எம்மனசு போலத்தான் நடந்திருக்கு."