கோவில்பட்டியில் காலிறுதி

விருதுநகரில் எங்கள் கல்லூரிப் பெண்கள் ஹாக்கி அணிக்கு நான் கேப்டனாக இருந்த வருடம், முதல் மூன்று ஆட்டங்களையும் வென்றோம். அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் மொத்தமே ஒரு ஆட்டம்தான் ஜெயித்திருந்தோம். முதலாமாண்டில் சேர்ந்த இரண்டு பேர்தான் காரணம். மல்லாங்கிணற்றுக்காரி செல்வலட்சுமி, கோல்கீப்பர். பந்துக்குக் கண்ணை மூடவே மாட்டாள். திருத்தங்கல் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் சினேகா முன்வரிசையில் ஆடினாள். நாங்கள் போட்ட ஆறு கோல்களில் ஐந்து அவளுடையவை. கோல் போட்டால் கொண்டாடத் தெரியாது. காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பி ஓடிவிடுவாள்.

காலிறுதி ஒரு சனிக்கிழமை, கோவில்பட்டியில். வர முடியாது என்றாள் சினேகா. அவளுடைய அம்மா அய்யம்மாள் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். அவருக்கு மூச்சிளைப்பு. அதனால் சனிக்கிழமைகளில் அம்மாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு அவருக்குப் பதில் சினேகா வேலைக்குப் போவாள். தீபாவளி ஆர்டர் குவிந்திருந்த நேரம். ஆள் குறைய போர்மேன் சம்மதிக்க மாட்டார்.

நான் விடவில்லை. வேண்டாம்க்கா என்று அவள் சொல்லியும், வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். அய்யம்மாள் காபி கொடுத்துவிட்டு, இருமலுக்கு நடுவே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். மகள் ஆடி அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எப்படி ஆடுவாள் என்று விசாரித்தார். சொன்னேன்.

"ஒரு சனிக்கிழமைதானம்மா, நான் போய்க்கிடுதேன். நீங்க பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க," என்றார்.

இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். இரண்டுமே சினேகா போட்டவை. இரண்டாவது, கீப்பர் தட்டிவிட்ட பந்தை விழுந்துகொண்டே அடித்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கைகளைத் தூக்கிக் கத்தினாள்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தபோது பயிற்சியாளர் மொக்கைச்சாமி சாருக்கு போன் வந்தது. தள்ளிப் போய்ப் பேசினார். திரும்பி வந்தவர் சினேகாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். பதினொன்றரை மணிக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற அறை வெடித்திருக்கிறது. அய்யம்மாள் உட்பட உள்ளே இருந்த நான்கு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

அரையிறுதியில் நான்கு கோல் வாங்கித் தோற்றோம்.

காரியம் முடிந்த பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். என்னால்தான் என்று சொல்லிவிட நினைத்தேன். ஈரப் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்த சினேகாதான் முதலில் பேசினாள்.

"நான் ரெண்டு கோல் போட்டது அம்மாவுக்குத் தெரியுமாக்கா? யாரும் போன் பண்ணீகளா?"

கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். இருந்தும் கேட்டாள். தெரியும் என்று சொல்லிவிட நாக்கு வரை வந்தது.

"இல்ல சினேகா. யாரும் பேசல."

தலையாட்டினாள். அடுத்த பாத்திரத்தை எடுத்தபடி, "நீங்க அன்னைக்கு வராம இருந்திருக்கலாம்க்கா," என்றாள். குரலில் கோபம் இல்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவளும் போகச் சொல்லவில்லை.

அதன்பின் அவள் கல்லூரிக்கு வரவில்லை. திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் சேர்ந்துவிட்டாள். ஜனவரியில் செல்வலட்சுமி பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானபோது போன் செய்து சொன்னேன்.

"நல்லா ஆடுவாக்கா அவ," என்றாள். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. லோடு ஏற்ற வண்டி வந்து நிற்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.