மாதிரித் தோட்டத்துப் பலகை

லாரிக்காரன் மனைவிக்குக் கவாத்து என்றாலே ஆகாது என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். காய் பறித்து முடித்ததும் வயசான கிளையை வெட்டிவிட்டு, புதுத் துளிரில் நல்லதாக ஒன்றிரண்டை மட்டும் விட வேண்டும் என்று முதல் பயிற்சியிலேயே காதில் வாங்கிக்கொண்டு, மேட்டு வரிசைகளில் தன் கையாலேயே செய்து பார்த்தவள் அவள். அங்கே காப்பிச் செடிகள் கொத்துக் கொத்தாகக் காய்த்தன.

அவள் வயிற்றெரிச்சல் எல்லாம் சாலையோரத்து முன்வரிசையைப் பற்றித்தான். விவசாயிகள் சங்கத்துக்கு அவள் கொழுந்தன்தான் செயலாளர். பயிற்சி நடத்த மாதிரித் தோட்டம் ஒன்று வேண்டும் என்று பயிற்சிக்காரர்கள் வந்து கேட்டதும், வேலிக்கு அந்தப் பக்கம் தனக்கென்று ஒரு தோட்டம் இருப்பதையே மறந்துவிட்டு, அண்ணன் தோட்டத்தைத் தாரை வார்த்துவிட்டான். எங்கோ லாரி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனும் போனிலேயே தலையாட்டிவிட்டான்.

பலகை நட்டார்கள். அப்புறம் வருஷா வருஷம் வண்டி வண்டியாக ஆட்கள் வந்தார்கள். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குமாம், செருப்பில் சேறு ஒட்டுமாம். அதனால் வண்டியை விட்டு இறங்கியதும் எதிரில் நிற்கிற அதே வரிசையில்தான் ஒவ்வொரு கும்பலும் கத்தரி பிடித்துப் பழகியது. ஒரு கும்பல் விட்டுவைத்த துளிரை அடுத்த கும்பல் வெட்டியது, போட்டோ எடுத்துக்கொண்டது, கை தட்டியது. இந்த வருஷம் வளர்கிற கிளையில்தான் அடுத்த வருஷம் காய் பிடிக்கும் என்று பாடம் சொன்னவரே அந்தக் கிளையை வெட்டக் கொடுத்தால் அது என்ன பாடம்? தோட்டத்திலேயே அதிகம் காய்த்த வரிசை அது. போன பருவத்தில் ஒரு கூடைகூடத் தேறவில்லை.

“தம்பி, அடுத்த தடவையாவது மேல கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. இருக்கிற துளிருல அடையாளத்துக்குத் துணி கட்டி வச்சிருக்கேன். அதையும் வெட்டினா அந்த வரிசை அவ்வளவுதான்.”

“என்ன அண்ணி, நாலு பேர் படிக்கிறாங்க. நாலு கிளைக்குப் போய் கணக்குப் பாக்குறீங்களே.”

நாலு கிளையாம். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த பயிற்சி நாளன்று காலையில் கடப்பாரையோடு போய்ப் பலகையைப் பிடுங்கினாள். வேலி தாண்டி, கொழுந்தன் தோட்டத்து முன்வரிசையில் சாலையைப் பார்த்தாற்போல் நட்டு, மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினாள்.

வண்டி பலகை இப்போது நிற்கிற இடத்தில் வந்து நின்றது. பயிற்சியாளர் செடியை ஒரு பார்வை பார்த்திருந்தால் கத்தரியே படாத செடி என்று தெரிந்திருக்கும். அவர் பார்த்தது பலகையைத்தான். கும்பல் இறங்கி வேலையை ஆரம்பித்தது.

கொழுந்தன் டீ கிளாஸும் கையுமாக ஓடிவந்தான். “ஐயா, நிறுத்துங்க, நிறுத்துங்க. காய் பிடிக்கிற கிளை அது. அதை வெட்டிட்டா அடுத்த வருஷம் நான் எதைப் பறிக்கிறது?”

எல்லாரும் கத்தரியைக் கீழே இறக்கினார்கள். பயிற்சியாளர் மன்னிப்புக்கூடக் கேட்டார்.

சிரிப்பு வரும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வரவில்லை. இருந்த கோபம் இரட்டிப்பானது. கடப்பாரையை ஊன்றிக்கொண்டு வேலியோரம் வந்து நின்றாள்.

“இதையேதான் தம்பி நான் வருஷக்கணக்கா சொன்னேன். நீங்க ஒரே ஒரு தடவைதான் சொன்னீங்க.”